சாமத்தியவீட்டுக்கு ஒரு டீசர்

போன ஞாயிறு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் சாமத்தியவீடு, அதாவது பிள்ளை வயதுக்கு வந்ததற்கு எடுக்கிற விழா. எனக்குத் தங்கச்சி முறையானவளின் மகள், வயது 12. (பெயர் போடவில்லை. தாய் இதை வாசிப்பாள், வாசிக்கட்டும்.) விழாவுக்கு ஒரு கிழமைக்கு முதலே டீசர் வந்துவிட்டது. சுதந்திர சதுக்கத்துத் தூண்களுக்கு நடுவே பிள்ளை மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறாள், பின்னால் ஒரு காதல் பாட்டு, மேலே ட்ரோன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவிட்ட பதிவு. முன்பின் தெரியாத ஒருவர் "ஹீரோயின் ரெடி" என்று எழுதியிருக்க, அதற்குத் தாய் கும்பிடு போட்டிருந்தாள்.

ஊருக்குக் காட்டுகிற ஆசை எங்களுக்குப் புதிதில்லை. இலங்கை வானொலி நிலையமும் அதே சுதந்திர சதுக்கத்தில்தான் இருக்கிறது. போஸ்ட்காட் எழுதிப் போட்டுவிட்டு, பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் எங்கள் வீட்டுப் பெயர்களை வாசிப்பாரா என்று ரேடியோவைச் சுற்றிக் குந்தியிருந்த சனம்தானே நாங்கள். அங்கே அறிவிப்பாளர்களாக இருந்த கே. எஸ். ராஜாவுக்கும் பி. எச். அப்துல் ஹமீதுக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் ரசிகர்கள் இருந்தார்கள், அவர்களில் எத்தனையோ பேருக்கு இவர்களின் முகம் எப்படியிருக்கும் என்றே தெரியாது. குரல் ஊரெல்லாம் போனது, முகம் வீட்டில் இருந்தது. அவ்வளவு பெரிய பிரபலங்களுக்குக் கிடைத்த அந்த மறைப்பு, டியூஷனுக்குப் போய்வருகிற ஒரு சின்னப் பிள்ளைக்கு இன்றைக்கு இல்லை.

நடிகை என்றால் சம்பளம் உண்டு, எந்தப் படம் வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று பார்க்க ஆள் உண்டு. இவளுக்கு என்ன இருக்கிறது? முகநூலில் கணக்குத் திறக்கவே 13 வயது வேண்டும். கணக்குத் திறக்க வயது காணாத பிள்ளை பெரியபிள்ளையான கதையை மட்டும் அங்கே ஆயிரம் பேர் பார்க்கலாம், என்ன?

நானும் ஒன்றும் திறமில்லை. மகன் புலமைப்பரிசில் பாஸ் பண்ணினபோது பெறுபேற்றுத் தாளைப் படமெடுத்துப் போட்டுவிட்டு, இரவு முழுக்க லைக் எண்ணினவன்தான். அவனை நான் கேட்கவில்லை. அப்போது அது தோன்றவே இல்லை.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன். கமரா கோணம் சரியில்லை என்று பிள்ளையை மூன்று தரம் பல்லக்கில் ஏற்றி இறக்கினார்கள். ஆலாத்தி எடுக்க வந்த பெரியம்மா தட்டோடு நின்று கை நொந்துபோனா. சாப்பாட்டு நேரம் பிள்ளை என் பக்கத்தில் வந்திருந்து மெதுவாகச் சொன்னாள்: "மாமா, டியூஷன்ல பொடியன்மார் அந்த வீடியோவப் பாத்திட்டாங்கள். அம்மாட்டச் சொல்லி எடுக்கச் சொல்லுறீங்களா?"

சொன்னேன். "அண்ணா, அந்த எடிட்டுக்கு மட்டும் எவ்வளவு குடுத்தனாங்கள் தெரியுமா?" என்றாள் தங்கச்சி.

வீடியோ இன்னும் அங்கேதான் கிடக்கிறது. நேற்று இரவு முழு அல்பமும் ஏறிவிட்டது. என்னையும் டேக் பண்ணியிருக்கிறாள்.