கொப்பியும் கோப்பையும்

போன கிழமை யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒரு கிறீம் ஹவுஸுக்கு, அதாவது ஐஸ்கிறீம் கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவில் 'வேலைக்கு ஆட்கள் தேவை' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். தாள் வெயிலில் வெளிறி மூலை சுருண்டிருந்தது. ஒட்டிப் பல மாதம் ஆகியிருக்க வேண்டும். என்னோடு வந்த நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "இப்போதைய பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது" என்றார். சொன்ன கையோடு, பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பையனின் முகத்தைக்கூடப் பார்க்காமல் விரலைச் சொடுக்கி, "தம்பி, தண்ணீர்" என்றார்.

அந்தச் சொடுக்குச் சத்தம் எனக்குப் பழக்கமானது. 2003ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அதைக் கேட்டவன் நான். அப்போது எனக்குப் பதினேழு வயது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். முந்தைய ஆண்டு போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்திருந்தது. கொழும்பிலிருந்தும் கனடா, ஐரோப்பாவிலிருந்தும் சனம் வந்து குவிந்தது. சாமி கும்பிட்டு முடிந்தால் அடுத்தது ஐஸ்கிறீம் என்பது எங்கள் ஊரின் எழுதாத விதி. திருவிழாக் காலத்துக்கு மட்டும் பையன்களைச் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் ஒரு கடையில் போய் நின்றேன். நாளுக்கு 150 ரூபாய், இரவுச் சாப்பாடு. கண்ணாடிக் கோப்பை உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

அயலில் கேட்டவர்களிடம் அம்மா சொன்னது, "ரியூசனுக்குப் போகிறான்." அதற்குச் சாட்சியாக என் சைக்கிள் கரியரில் ஒரு கொப்பியும் தினமும் போய் வந்தது. 25 நாளும் ஒரே கொப்பிதான். அதில் ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. போவது கொப்பி, கழுவுவது கோப்பை.

கடைக்குள் படித்தது வேறு. கரண்டியைத் தண்ணீரில் தோய்த்து, பரப்பின்மேல் மெல்ல இழுத்தால் ஐஸ்கிறீம் தானாகச் சுருண்டு உருண்டையாகும். அழுத்தி எடுத்தால் உருண்டை கனத்துவிடும், முதலாளியின் முகமும் கனத்துவிடும். அடிக்கும்போது உள்ளே புகும் காற்றுத்தான் ஐஸ்கிறீமுக்கு மென்மை. அந்தக் காற்றை நாங்கள் நசுக்கினால் அவருக்கு நட்டம். உயரக் கண்ணாடிக் கோப்பையில் அடியில் ஜெலி, மேலே மூன்று நிறத்தில் மூன்று உருண்டை, அதற்கு மேல் கச்சான் தூவி ஒரு வேபர்ஸைச் செருக வேண்டும். விரதம் பிடிக்கிற ஆச்சிமார் கோப்பையைத் தொடுவதற்கு முன்னரே, "முட்டை போட்டதா தம்பி?" என்று கேட்பார்கள். ரோல்ஸ் தட்டை மேசையில் வைக்கும்போது எத்தனை, எடுக்கும்போது எத்தனை என்று மனதில் எண்ண வேண்டும். நான்கு பேர் இருந்த மேசையில் "ஒன்றுதான் சாப்பிட்டோம்" என்று சத்தியம் செய்த ஒரு கனவானை இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவர் நெற்றியில் அப்போதுதான் பூசிய திருநீறு.

அந்த நாளில் யாழ்ப்பாணத்துக்கு லக்சபானா மின்சாரம், அதாவது நாட்டின் பொது மின்கட்டமைப்பிலிருந்து வரும் மின்சாரம் இல்லை. இங்கேயே டீசல் இயந்திரங்களில் உற்பத்தி செய்ததுதான், அதுவும் நினைத்தால் நின்றுவிடும். கரண்ட் போன மறுகணம் முதலாளி பின்வளவுக்கு ஓடுவார், ஜெனரேட்டரைக் கிளப்ப. இளகிய ஐஸ்கிறீம் மறுபடி உறைந்தால் உள்ளே பனிப்பளிங்குகள் பெருத்துவிடும். வாயில் வைத்தால் மணலைக் கடித்ததுபோல் நறநறக்கும். 2022இல் நாளுக்குப் 13 மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மனிதரின் ஓட்டம்தான்.

வேலை கடினம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. கடினமாக இருந்தது ஒளிந்துகொள்வது. 'கோழி மேய்த்தாலும் கோர்ணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும்' என்கிற ஊர் இது. வாத்தியாரின் வீட்டில், கிளாக்கரின் வீட்டில் பிறந்தவன் கடையில் மேசை துடைத்தால் அது குடும்பத்துக்கே இழுக்கு. அதே பிள்ளை சுவிஸுக்குப் போய் உணவகத்தில் கோப்பை கழுவினால் 'வெளியில் நல்ல வேலை', சீதனத்திலும் ஒரு படி ஏற்றம். இங்கே கழுவினால் இழுக்கான கோப்பை, விமானம் ஏறினால் எப்படிக் கௌரவமாகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது என்பது பொய். வளைக்கிறார்கள், எங்கள் கண் படாத இடத்தில். அங்கே மணிக்கணக்கில் சம்பளம், கிழமைக்கு லீவு, விரலைச் சொடுக்க ஊர்க்காரர் இல்லை. என்னைக் கேட்டால், கடைக்காரர் அந்தத் தாளை மாற்றி எழுத வேண்டும். சம்பளம் எவ்வளவு, லீவு எப்போது, உடைந்த கோப்பைக்கு யார் பொறுப்பு என்று. சொடுக்குக்கு மருந்து எங்களிடம்தான் இருக்கிறது.

இதை நண்பரிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தண்ணீர் வந்தது, குடித்தோம்.

அந்த 2003 திருவிழாவில் தேர் முடிந்த அன்று மாலை, கடைக்குள் நிற்க இடமில்லை. நான் மேசைப் பக்கம் நின்றேன். வாசலில் பெரியம்மா குடும்பத்தோடு ஏறி வருவது தெரிந்தது. பக்கத்தில் பட்டு வேட்டியும் தடித்த சங்கிலியுமாகச் சுவிஸிலிருந்து வந்திருந்த அண்ணா. அங்கே ஹோட்டலில் மனேச்சர் என்று பெரியம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் சட்டென்று பின்பக்கம் போய், கோப்பை கழுவிக்கொண்டிருந்தவனை முன்னே தள்ளிவிட்டு அவன் இடத்தில் குந்திவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கை கழுவவென்று அண்ணா பின்னால் வந்தார். என்னைக் கண்டார். எதுவும் கேட்கவில்லை. நான் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

"கரண்டியையும் கோப்பையையும் ஒன்றாகப் போடாதே, கண்ணாடி கீறும். கரண்டிகளைத் தனியாகச் சுடுதண்ணீரில் ஊறவை. கண்ணாடி முதலில், பிசுக்குள்ள தட்டு கடைசியில்."

சொல்லிக்கொண்டே நான்கு கோப்பைகளை ஒரே கையில் விரல்களுக்கிடையில் கோத்து, அலசி, கவிழ்த்து வைத்துவிட்டார். நான் ஒன்றைக் கழுவி முடிக்கவில்லை. அவருடைய கைகள் யோசிக்காமல் அந்த வேலையைச் செய்தன. புறங்கையில் சுடுதண்ணீர் பட்ட பழைய தழும்புகள்.

"அண்ணா, பெரியம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றேன்.

"அம்மாவுக்கு என்னுடையதே தெரியாது" என்று சிரித்தார்.

அவர் முன்னே போன பிறகு பெரியம்மாவின் குரல் கேட்டது. "இவ்வளவு நேரம் எங்கே போனாய்?"

"கழுவப் போனேன் அம்மா."