எந்தப் பக்கம் மொழிபெயர்த்தாலும் ஆங்கிலச் சொல்லை எண்ணுங்கள்

வீட்டில் இருந்தபடியே எழுத்து, மொழிபெயர்ப்பு வேலை செய்யலாம் என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளைகளுக்குச் சொல்லாத ஆளில்லை. மடிக்கணினி வாங்கு, இணையம் எடு என்பதோடு அறிவுரை முடிந்துவிடும். விலை பேசுவது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளைகள் ஏமாறுவதோ அந்த இடத்தில்தான்.

'ஐ வில் நொட் பி ஏபிள் டு கம்' ஏழு சொல். 'என்னால் வர இயலாது' மூன்று சொல். ஆங்கிலம் தனித்தனியாக நிறுத்துவதை நாங்கள் உருபாகவும் விகுதியாகவும் ஒட்டிவிடுகிறோம். அதனால் 1,000 சொல் ஆங்கில அறிக்கை தமிழில் 700 சொல்லாகச் சுருங்கலாம். முடித்த தமிழ்ச் சொல்லுக்கு 5 ரூபா என்று ஒப்புக்கொண்டிருந்தால், 1,500 ரூபா அப்படியே போச்சு. இறுக்கமாக, நல்ல தமிழில் எழுத எழுதக் கூலி குறைகிறது. இது அநியாயம். ஆகவே மூல ஆங்கிலச் சொல்லையே எண்ணச் சொல்லுங்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது கணக்கு மறுபக்கம் திரும்பும். அங்கே முடித்த ஆங்கிலத்தை எண்ணச் சொல்லுங்கள். வேலை தருபவர் தொகையை முன்கூட்டியே கேட்டால், தமிழ்ச் சொல்லுக்கான விலையை அதற்கேற்ப உயர்த்திச் சொல்லுங்கள்.

நிறுவனங்கள் தரும் நேர்காணல் ஒலிப்பதிவுக்குச் சொல்லும் வேண்டாம், பக்கமும் வேண்டாம், பதிவின் நிமிடத்துக்கு விலை பேசுங்கள். தெளிவான ஒரு மணித்தியாலப் பதிவைத் தட்டச்சுச் செய்யவே நாலைந்து மணித்தியாலம் பிடிக்கும். மாமர நிழலில் பத்துப் பேரை இருத்தி எடுத்த குழுக் கலந்துரையாடல் என்றால் அதைவிடக் கூட. நடுவிலிருந்து ஐந்து நிமிடம் கேட்டுப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்.

கோப்பு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலா, யூனிக்கோடு என்ற பொது எழுத்து முறையிலா என்பதையும் தொடங்கமுன் கேளுங்கள். பாமினிக் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறித் தெரியும். யூனிக்கோடாக்கும் மாற்றியில் போட்டு எடுத்தாலும் இடையில் வரும் ஆங்கிலப் பெயர்கள் தமிழ் எழுத்தாகிக் குழம்பும். அந்தத் திருத்தமும் வேலைதான், அதற்கும் காசு கேளுங்கள்.

வெளிநாட்டுக் காசு பற்றி: பேபால் என்ற இணையப் பணச் சேவையில் இலங்கைக் கணக்குக்குக் காசு பெற முடியுமா என்று உறுதிப்படுத்தாமல், அதை நம்பி வேலை எடுக்காதீர்கள். பேயோனியர் என்ற இன்னொரு பணச் சேவை வழியாக உள்ளூர் வங்கிக்கு எடுக்கலாம். ஃபைவர் என்ற இணைய வேலைச் சந்தையில் 100 டொலர் வேலைக்கு, அவர்களின் தரகு போகக் கையில் 80 தான். அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயரின் ஆங்கில எழுத்துக்கள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று முதலே பாருங்கள். ஒன்றில் அப்பாவின் முழுப்பெயர், மற்றதில் வெறும் முதலெழுத்து என்றிருந்தால் சரிபார்ப்பில் சிக்கும்.

இப்போது இயந்திரம் மொழிபெயர்த்ததை 'சும்மா ஒருக்காப் பார்த்துத் தாருங்கள்' என்று அரை விலைக்குத் தள்ளுகிறார்கள். அது சும்மா பார்க்கிற வேலை இல்லை. எங்கள் கிராம அலுவலரை அது தமிழ்நாட்டுக் கிராம நிர்வாக அலுவலர் ஆக்கிவிடும், பிரதேச செயலாளரை வட்டாட்சியர் ஆக்கிவிடும். நெடுங்கேணியிலோ ஒட்டுசுட்டானிலோ படிவம் நிரப்பும் அம்மாவுக்கு எந்தக் கந்தோருக்குப் போவதென்றே விளங்காது. ஒரு பக்கத்தைத் திருத்திப் பார்த்து, எடுத்த நேரத்தைக் குறித்து, அந்த நேரத்துக்கு விலை சொல்லுங்கள்.

வேலையைத் தொடங்கமுன் மின்னஞ்சலில் நான்கு விடயம் போகவேண்டும்: எந்த மொழிச் சொல்லை எண்ணுவது, எத்தனை தடவை இலவசத் திருத்தம், எந்தத் திகதிக்குள் காசு, முற்பணம் எவ்வளவு. புது ஆள் என்றால் பாதி முற்பணம். மாரி காலத்தில் மின்சாரம் போய்வரும் என்பதால், முடியும் என்று நினைக்கும் நாளோடு இன்னும் இரண்டு நாளைச் சேர்த்தே திகதி கொடுங்கள்.