அந்த லிவர் டெஸ்ட் வரிசையில் யார் நிற்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை நம்ம தெருவில் நடந்த இலவச மெடிக்கல் கேம்ப் போட்டோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் சிரிப்பு பொம்மையும் போட்டிருந்தீர்கள். "தண்ணி அடிக்கிறவங்க லிவர் டெஸ்டுக்கு இந்தப் பக்கம், மத்தவங்க அந்தப் பக்கம்" என்று மைக்கில் சொன்ன தம்பி மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. நல்ல பையன்தான். ஆனால் தெரியாமல்தான் கேட்கிறேன். பெண்டாட்டி, மாமியார், பிள்ளையின் டியூஷன் டீச்சர் எல்லாம் நிற்கிற தண்டையார்பேட்டைத் தெருவில், எந்த ஆம்பளை எழுந்து போய் அந்த வரிசையில் நிற்பான்? ஒருத்தரும் நிற்கவில்லை. காலியாகக் கிடந்த நாலு நாற்காலியைப் போட்டோ எடுத்து "நம்ம ஏரியா திருந்திடுச்சு டோய்" என்று போட்டீர்கள்.

ஏரியா திருந்தவில்லை. பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனது.

என் அண்ணன் கதை சிலருக்குத் தெரியும். காசிமேட்டில் லாஞ்ச் டிரைவர். போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் வீட்டில்தான். அப்போதுதான் வலி ஆரம்பித்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே பிடித்து முதுகு வரைக்கும் இழுக்கிறது என்பார். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. கேஸ் என்று முடிவு செய்து கோலி சோடா, ஓமவாட்டர், மோரில் பெருங்காயம் எல்லாம் ஆயிற்று. அப்புறம் ஒரு கிளினிக். அண்ணியும் வயசுக்கு வந்த பொண்ணும் பக்கத்தில் நிற்க, டாக்டர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "தண்ணி பழக்கம் உண்டா?" திருடுவியா என்று கேட்கிற அதே குரல். "இல்ல சார், எப்பனா விசேஷம்னா" என்றார் அண்ணன். அண்ணி தரையைப் பார்த்தார். மூணு மாசம் கேஸ் மாத்திரை ஓடியது.

அதற்கப்புறம் ஒரு ராத்திரி வாந்தி நிற்கவே இல்லை. தூக்கிக்கொண்டு ஓடிய இடத்தில் ஒரு நர்ஸம்மா எங்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டாராம்: "ஒரு நாளைக்கு எவ்ளோ அண்ணா? குவார்ட்டரா, ஆஃபா?" குடிப்பியா என்று கேட்கவில்லை, பாருங்கள். எவ்வளவு என்றுதான் கேட்டார். "குவார்ட்டரு. லீவுல ஆஃபு." அவ்வளவுதான். ரத்தத்தில் லைப்பேஸ் (கணையத்தில் சுரக்கிற நொதி) பார்த்து, ஸ்கேன் எடுத்து, கணையம் வீங்கியிருக்கிறது, லிவரில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று மறுநாளே சொல்லிவிட்டார்கள். மூணு மாசம் கேஸ் மாத்திரை சாப்பிட்ட வலி அது.

"அளவா அடிச்சா ஒண்ணும் ஆகாது" என்று கீழே வந்து எழுதப் போகிறவர்களுக்கு: பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் 60 கிராம் இருக்கும். "பீர்தானே மச்சான்" என்கிற ஸ்ட்ராங் பாட்டிலில் 40 கிராம். லிவருக்கு உள்ளே வலி தெரியாது. அது வீங்கி மேல் உறை இழுபட்டால்தான் வலது விலாவுக்குக் கீழே பாரமாகத் தெரியும். பல பேருக்கு அதுவும் தெரியாது. நேராகக் கண் மஞ்சள், கால் வீக்கம், பானை வயிறுதான். லிவருக்குப் பார்க்கிற ரத்த டெஸ்ட் எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்று துள்ளவும் வேண்டாம், சுருங்கிப்போன லிவரிலும் அது நார்மலாக வரலாம். ஆனால் வெறும் கொழுப்பாக இருக்கும்போதே கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும். அந்தச் சமயத்தில் பிடிக்கத்தானே கேம்ப்? அதைத்தான் மைக் வைத்துக் கெடுத்தோம்.

கேம்ப் இலவசமாக நடத்துகிறார்களே என்பீர்கள். சரி, நன்றி.

"அப்போ குடியை ஆதரிக்கிறியா?" இதை நேற்றே ஒருத்தர் கேட்டுவிட்டார், என் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டவர். எங்கப்பாவைத் தோளில் தூக்கி வந்து போட்ட ராத்திரிகளை எண்ணியவனிடம் இதைக் கேட்கிறீர்கள். ஆதரிக்கவில்லை ஐயா. உண்மையைச் சொல்ல விடுங்கள் என்கிறேன். எதிர்வீட்டுப் பெரியவர் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். தினமும் குடிப்பார் என்பதை வீட்டில் யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை, மானம் போய்விடுமாம். மூணாம் நாள் கை நடுக்கம், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தல், ட்ரிப்ஸைப் பிடுங்கி எறிந்தார். அவர் சம்சாரம் மந்திரிக்க ஆள் கூட்டி வந்தார். பல வருஷம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் ஆடும், உயிரே போகலாம். நிறுத்துவதற்கும் டாக்டர் வேண்டும். டாக்டருக்கு உண்மை வேண்டும்.

போட்டோவுக்குக் கீழே ஒருத்தர் போட்ட கமெண்ட்டையும் விடுவதாக இல்லை: "நார்த் மெட்ராஸ்காரனுக்கு வேற என்ன வேலை." வேற என்ன வேலையா? நீ சாப்பிடுகிற வஞ்சிரத்தைப் பிடிப்பது. உங்கள் பக்கம் யாரும் குடிப்பதே இல்லை போலிருக்கிறது. ஏசி ரூமில் மாஸ்டர் ஹெல்த் செக்கப், ஒரு ஃபாரம், 'சோஷியல் ட்ரிங்கர்' என்ற கட்டத்தில் ஒரு டிக். முடிந்தது. எங்களுக்கு மட்டும் மைக், நாலு நாற்காலி. 2003-இலிருந்து அரசாங்கமே கடை வைத்து விற்கிறது. மதியம் 12 மணிக்கு ஷட்டர் தூக்கும்போது அங்கே நிற்கிற வரிசைக்கு யாரும் மைக்கில் கூப்பிடுவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாராவது கண்டுபிடித்துப் போடுவீர்கள். அந்தப் போட்டோவில் 'மத்தவங்க' வரிசையில் நீலச் சட்டையில் முதுகைக் காட்டி நிற்பது நான்தான். சனிக்கிழமை ரெண்டு பீர். தாளில் 'இல்லை' என்று டிக் அடித்தேன். பின்னால் அம்மா நின்றிருந்தார்.

திங்கட்கிழமை காலை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி. சீட்டு போடப் போகிறேன். ஸ்டான்லி என்றால் சிலருக்குப் புரியும். லிவர் மாற்று ஆபரேஷனே செய்கிற அரசு ஆஸ்பத்திரி வண்ணாரப்பேட்டையில் இருக்க, நாம் ஷாமியானா போட்டு வரிசை பிரிக்கிறோம். கூட வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன்.