ஸ்கூல் பைக்குப் பணம் உண்டு, பிள்ளைகளோடு இருக்கிற ஆளுக்கு இல்லை

பிப்ரவரி பாதி கடந்தால் போதும், சேலத்தில் பிள்ளைகளுக்காகச் சிறு அறக்கட்டளை நடத்துகிறவர்களுக்கு, சட்டப்படி சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டிய நிறுவனங்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கிவிடும். "நிதியாண்டு முடிவதற்குள், மார்ச் 31-க்குள் செலவு செய்து பில் கொடுத்துவிட முடியுமா?" என்று கேட்பார்கள். அவ்வளவு அவசரத்தில் எதைச் செலவு செய்ய முடியும்? ஸ்கூல் பை, நோட்டு, சைக்கிள், டேப்லெட். அதனால் அவையே வந்து இறங்குகின்றன. முழு ஆண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று புதுப் பை வாங்கிப் புகைப்படத்துக்கு நிற்கிறார்கள்.

இப்படிப்பட்ட அமைப்புகள் சிலவற்றுக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போதும் உடன் இருக்கிறேன். இத்தனை விண்ணப்பங்களைப் பார்த்தபின் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். வளரும் பிள்ளைகளுக்கான திட்டத்துக்கு நிதி கொடுப்பவர்கள், அதை நடத்தும் மனிதருக்குச் சம்பளம் கொடுங்கள். ஓராண்டோடு நிறுத்தாமல் மூன்று ஆண்டாவது கொடுங்கள்.

ஏற்காட்டு மலையில் ஒரு சிற்றூரில் மாலை நேரப் படிப்பு மையம் ஒன்று நடக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் மலையாளி என்ற மலைவாழ் பழங்குடிப் பிள்ளைகள் (கேரள மலையாளிகள் அல்ல), எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை. பார்த்துக்கொள்பவர் அதே ஊரில் பிறந்து கல்லூரி வரை படித்த பெண். அவரிடம் நீளமான வருகைப் பதிவு நோட்டு ஒன்று இருக்கிறது. பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறார். "காப்பிப் பழம் பறிப்பு, தை முடியும்வரை வரமாட்டான்." "அக்காவுக்குப் பிரசவம், வீட்டில் சமையல் இவள்தான்." "கொலுசுப் பட்டறைக்கு மாமா கூப்பிடுகிறார், இன்றே பேச வேண்டும்."

அந்த மூன்றாவது குறிப்பை எழுதிய அன்று மாலையே மையத்தைப் பூட்டிவிட்டு அந்த வீட்டுக்கு நடந்தார். சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்யும் செவ்வாய்ப்பேட்டையிலோ சிவதாபுரத்திலோ பட்டறையில் உட்கார்ந்து வாரக் கூலியைக் கையில் வாங்கிவிட்ட பையன் மறுபடி பள்ளிக்கூடத்துக்கு வருவது எவ்வளவு கடினம் என்பது அவருக்குத் தெரியும். கூலி கைக்கு வருவதற்கு முன்னால் பேசினால் அம்மாவாவது நம் பக்கம் நிற்பார். ஊரை அறிந்த ஒருவர் ஊரிலேயே இருந்தால்தான் அந்தப் பேச்சு உரிய நாளில் நடக்கும்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தைப் பாருங்கள். பழங்குடியினர் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் ஒப்புதல் வேண்டும். அது இல்லாவிட்டால் மேற்படிப்புக்கான உதவித்தொகையும் கிடைக்காது, இட ஒதுக்கீடும் கிடைக்காது. தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிற அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வர வேண்டும். ஏதாவது ஒரு தாள் குறைந்தால் இன்னொரு நாள் கூலியும் போகும். எந்தத் தாள் வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்து, நகலெடுத்து, உடன் வருவதும் அந்தப் பெண்தான். நன்கொடை விண்ணப்பத்தில் "பயனாளிகள் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. இந்த அலைச்சலை எழுத ஒரு கட்டமும் இல்லை.

அந்த மையத்துக்கான விண்ணப்பம் ஒரு நிறுவனத்துக்குப் போனது. மேசை, நாற்காலி, புத்தக அலமாரி, டேப்லெட் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒருங்கிணைப்பாளரான அந்தப் பெண்ணின் சம்பளத்தை மட்டும் அடித்துவிட்டார்கள். "நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சட்டம் அப்படி" என்றார்கள். இந்தப் பதிலைப் பல அமைப்புகள் கேட்டிருக்கும். தயவுசெய்து இதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்த 5 சதவீத வரம்பு, கொடுக்கும் நிறுவனம் இந்தப் பணிக்காகத் தன் அலுவலகத்துக்குள் செய்துகொள்ளும் பொது நிர்வாகச் செலவுக்கானது. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதியிலேயே எழுதியிருக்கிறது. மாலை மையத்தில் பிள்ளைகளோடு உட்காருகிறவரின் சம்பளம் நிர்வாகச் செலவு என்றால், அந்த மையத்தில் திட்டம் என்று மிச்சம் எது?

ஓராண்டு நிதிக்கும் சட்டம் காரணமில்லை. தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டு வரை நீளும் தொடர் திட்டங்களுக்கு விதி இடம் தருகிறது. அந்த ஆண்டில் செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் போட்டு அந்தத் திட்டத்துக்கே பயன்படுத்தலாம். ஆகவே தொடர் திட்டமாக எடுத்துக்கொண்டால் மார்ச் 31 அவசரமே தேவையில்லை. மாரத்தான், பரிசளிப்பு விழா மாதிரியான ஒருநாள் நிகழ்ச்சிகள் இந்தச் செலவில் சேராது என்று 2014-லேயே மத்திய அரசின் சுற்றறிக்கை சொல்லிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் மையத்துக்கு வரும் பெண் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க நான்கு கல்வியாண்டு ஆகிறது. நம் நிதியோ ஆண்டுக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. அறுந்த மாதமே ஒருங்கிணைப்பாளர் வேறு வேலை தேடிப் போகிறார், நோட்டும் குறிப்புகளும் அலமாரிக்குள் போகின்றன. அடுத்த ஆண்டு புதிதாக வருகிறவரைப் பிள்ளைகள் நம்புவதற்கே ஒரு பருவம் ஓடிவிடும்.

வெளிநாட்டு நன்கொடை வழியும் குறுகிவிட்டது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதைத் தடை செய்தார்கள். நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. சென்னையில் ஒரு பெரிய அமைப்பு வாங்கி, மலையில் இயங்கும் சிறிய அமைப்புக்குக் கொடுக்கும் பாதை அதோடு அடைபட்டது.

"சம்பளம் என்ற பெயரில் சுருட்டுகிறவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொருள் வாங்கும் பில்லில் விலையை ஏற்றிக் காட்டுவது எளிது. ஊர் முழுக்கப் பார்க்க, மாதா மாதம் வங்கிக் கணக்கில் ஒருவருக்குப் போகும் சம்பளத்தில் ஏமாற்றுவது கடினம். ஒரு மாலை சொல்லாமல் மலையேறி வந்து அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். விழாவுக்கு வந்து பூமாலை வாங்கிக்கொண்டு போவதைவிட அது எவ்வளவோ நல்ல தணிக்கை.

கம்பெனிகள் சட்டத்தின் அந்த 2 சதவீத விதிக்குள் வராத வசதி படைத்தவர்களும் சேலத்தில் ஏராளம். வெள்ளி வியாபாரம், ஜவ்வரிசி ஆலை, ஜவுளி என்று தலைமுறையாகச் சம்பாதித்த குடும்பங்கள் இருக்கின்றன. கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிற கை இந்த ஊரின் கை. அவர்களில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை மூன்று ஆண்டுக்கு ஏற்க முடியும். "இன்னாருடைய உபயம்" என்று பலகை வைக்க வேண்டுமானால் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

நிறுவனங்களில் சமூகப் பொறுப்பு நிதியைப் பார்க்கும் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். விண்ணப்பப் படிவத்தில் பணியாளர் சம்பளத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறதா? ஒப்புதலை ஏப்ரல், மே மாதத்திலேயே கொடுக்க முடியுமா? ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்தப் பெண் வேலையில் இருக்க வேண்டும்.