காலம் மாறவில்லை, யாரோ மாற்றினார்கள்

நேசித்த ஊர் சீரழிந்ததைப் பாடும் நாட்டுப்பாடல்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "வெறும் புலம்பல், காலம் மாறத்தானே செய்யும்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பாடல்களைக் காது கொடுத்துக் கேட்டவர் யாரும் இப்படிப் பேச மாட்டார்.

அயர்லாந்தின் டிப்பரேரியில் உள்ள கில்காஷ் கோட்டைக்காக ஐரிஷ் மொழியில் ஓர் இரங்கற்பாட்டு உண்டு. கண்ணீரோடு அது தொடங்குவதில்லை. கடைசிக் காடும் சாய்ந்துவிட்டது, இனி மரத்துக்கு என்ன செய்வோம் என்று கேட்டுத்தான் தொடங்குகிறது. பிறகு ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது: வாத்தின் ஒலி இல்லை, கழுகின் குரல் இல்லை, தேனும் மெழுகும் சேர்க்கிற தேனீக்கள்கூட இல்லை. இதுவா புலம்பல்? கைவிட்டுப் போனதற்கெல்லாம் எழுதி வைத்த கணக்கு இது.

புறநானூற்றை நாட்டுப்பாடல் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் பாரி மகளிரின் ஐந்து வரிகளை நினைக்காமல் இதை எழுத என்னால் ஆகவில்லை. அற்றைத் திங்கள், இற்றைத் திங்கள், நிலவு அதேதான். தந்தை இல்லை, குன்றும் இல்லை. குன்றைக் கொண்டது யார் என்பதை அந்தப் பெண்கள் மறைக்கவில்லை. முரசறைந்து வந்த வேந்தர்கள் என்று நேராகவே சொல்கிறார்கள். "காலம் மாறிவிட்டது" என்ற வாக்கியத்தில் செய்தவன் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. அவர்கள் பாட்டில் இல்லை.

பழையதையெல்லாம் சொர்க்கமாக்கிவிடுகிறார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அப்படிச் சர்க்கரை பூசும் பாட்டுகளும் இருக்கின்றன, அவை எனக்கும் பிடிக்காது. ஆனால் வட அயர்லாந்தின் டெர்ரியைப் பற்றி இசையமைப்பாளர் ஃபில் கூல்ட்டர் 1973இல் தந்த பாடலைக் கேளுங்கள். சட்டைத் தொழிற்சாலைக்கு ஓடும் பெண்களும் வேலையில்லாமல் வீட்டில் பிள்ளை பார்க்கும் ஆண்களும் அதில் வருகிறார்கள். வறுமையை அவர் துடைத்துவிடவில்லை. அந்த வறுமையிலும் ஊரில் இசை இருந்தது என்று காட்டிவிட்டுத்தான் ராணுவத்தையும் முள்வேலியையும் கொண்டுவருகிறார். அதனால்தான் நெஞ்சை அறுக்கிறது. பாடகர் யுவான் மக்கால் இங்கிலாந்தின் சால்ஃபோர்டைப் பற்றி 1949இல் எழுதிய பாட்டு இன்னும் கடுமை. காதலித்த அழுக்கு ஊரைக் கோடரி கொண்டு வெட்டிச் சாய்க்க வேண்டும் என்றே முடிகிறது. பற்று இல்லாதவனுக்கு இவ்வளவு கோபம் வராது.

எனக்கு இவற்றிலெல்லாம் நெருக்கமானது அமெரிக்கப் பாடகர் ஜான் பிரைன் 1971இல் வெளியிட்ட பாட்டு. கென்டக்கியில் அவருடைய பெற்றோரின் மூலன்பர்க் மாவட்டம், அங்கே பாரடைஸ் என்ற சிற்றூர். சுற்றியிருந்த நிலம் நிலக்கரிக்காகத் தோண்டப்பட்டது. பக்கத்திலேயே அனல்மின் நிலையம் எழுந்தது. 1960களில் ஊரே காலியானது. பிரைன் பூசி மெழுகவில்லை, நிலக்கரி நிறுவனத்தின் பெயரைப் பல்லவியிலேயே வைத்தார். ஊரே சேர்ந்து பாடும்போது அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் பாடியாக வேண்டும்!

அந்தப் பல்லவியில் பிள்ளை கேட்கிறான்: அப்பா, என்னை அங்கே மறுபடி அழைத்துப் போக மாட்டீர்களா? தந்தை வருத்தம் தெரிவிக்கிறார். நீ கேட்கப் பிந்திவிட்டாய் மகனே, நிலக்கரி ரயில் அதை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.