கால் குளிசை

போன கிழமை ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். குடியிலிருந்தும் குளிசையிலிருந்தும் மீண்ட பெண்களைப் பற்றிப் பேச வந்தவர், "கஷ்டம்தான் இவர்களைச் செதுக்கியது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மட்டக்களப்பு திராய்மடுவில் எனக்குப் பழக்கமான ஒரு அக்கா இருக்கிறார். 2004 டிசம்பர் 26 வரைக்கும் நாவலடியில் இருந்தவர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு. அன்று சுனாமி அங்கே என்ன செய்தது என்று மட்டக்களப்பு ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இளைய மகள் போய்விட்டாள். நித்திரை வராமல் கிடந்தவருக்கு டயசிபாம் குளிசை கிடைத்தது. முதலில் ஒன்று, மறுகா இரண்டு. பிறகு டொக்டரின் துண்டு இல்லாமலே ஒரு கடையில் கொடுத்தார்களாம். பத்து வருஷத்துக்கு மேல் போட்டிருக்கிறார். அதைப் போதை என்று ஒருவரும் சொல்லவில்லை, மருந்துதானே! அத்தான் கசிப்பைக் குடித்துவிட்டு வேலியில் விழுந்தால், "பாவம், மகளை நினைச்சுக் குடிக்கிறான்." அக்கா பகலில் தூங்கி விழுந்தால், "வீடு வாசல் பார்க்காத பொம்பிளை."

ஒருநாள் வைராக்கியத்தில் அடியோடு விட்டார். சில நாளில் வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாசிக்கிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்: இந்த வகைக் குளிசையை நெடுநாள் போட்டவர்கள் சடாரென்று நிறுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்து. டொக்டரின் கண்காணிப்பில் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அக்காவுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது.

அந்த நாட்களில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிளேடால் குளிசையைக் கால்வாசியாக வெட்டுவார். கை நடுங்கும். ஊசியில் நூல் கோர்க்க என்னைத்தான் கூப்பிடுவார். ஒருநாள் மேசையில் சிந்திய தூளை விரலால் ஒற்றி நாக்கில் வைத்துவிட்டு, "இஞ்ச பாருகா, இதையும் விட மனம் வருதில்ல" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பெரிய மனக்காயத்துக்குப் பிறகு வரும் வளர்ச்சியை அளக்க, டெடெஸ்கி, கல்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1996இல் 21 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். மற்றவர்களோடு நெருக்கம், புதிய வழிகள், உள்பலம், ஆன்மிகம், வாழ்க்கையின் அருமை என்று ஐந்து பக்கம் பார்ப்பார்கள். ஆனால் துன்பமே வளர்ச்சியைத் தருகிறது என்று அவர்களே சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஆள் மல்லுக்கட்டுகிறாரே, அதிலிருந்துதான் வருகிறது என்கிறார்கள். வந்த பிறகும் வலி பக்கத்திலேயே இருக்கும் என்கிறார்கள். மேடைக்காரர்கள் இந்த இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைத்தான் நமக்குத் தருகிறார்கள்.

அக்கா வளர்ந்திருக்கிறார், சரி. குளிசை மட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிற பெண்களிடம் புத்தி சொல்ல மாட்டார். "எத்தினை போடுறாய்?" என்று மட்டும் கேட்டு, கூடவே கிளினிக்குக்குப் போவார். குடித்துவிட்டு வரும் அத்தானை "திண்ணையில படு" என்கிறார், முன்பு வாயே திறக்காதவர். ஆனால் டிசம்பர் பிறந்தால் இன்றைக்கும் நாவலடிப் பக்கம் போகும் கல்லடிப் பாலம் தாண்ட மாட்டார்.

கூட்டத்தில் கேட்டதை அவரிடம் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "அப்ப அந்த ஆளிட்ட சொல்லுகா, மகளைத் தந்துட்டு இந்தப் பெலத்தை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி."