தோற்ற ஆலைக்கு எதற்குப் பட்டம் என்று கேட்பவர்களுக்கு

வேல்ஸில் சிலேட்டுக் கல்லை அறுத்த இனிசபாண்டி ஆலை பற்றிய அந்தக் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பதினைந்து ஆண்டுகள்கூட ஓடாத ஆலைக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டமா என்று சிரிக்கும் அந்தத் தம்பி, நான் பணிவாக இட்ட பின்னூட்டத்தை நீக்கிவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

ஆலை தோற்றது என்பதை நான் மறுக்கவில்லை. 1855-57இல் வடமேற்கு வேல்ஸின் ஒரு மேட்டில், தேவாலயமோ என்று ஐயுறும்படி வளைவுச் சன்னல்களுடன் மூன்று தளங்களாக எழுப்பினார்கள். உள்ளேயே நீர்ச்சக்கரம் வைத்தார்கள். கோர்செதை குவாரியிலிருந்து கல் வரவும், அறுத்த பலகைகள் போர்த்மாடாக் துறைமுகம் செல்லவும் தண்டவாளம் போட்டார்கள். த்ரெவோரிஸ் என்று 36 வீடுகள் கொண்ட தொழிலாளர் ஊரையே கட்டினார்கள். இவ்வளவையும் செய்தவர்கள், மலையில் நல்ல கல் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளவில்லை. 1860இல் சுமார் 200 பேர் உழைத்து இரண்டாயிரம் டன்னுக்குச் சற்று மேல் எடுத்ததே உச்சம். 1867இல் குவாரி மூடப்பட்டது.

ஆனால் தோற்றவர்கள் யார்? முதல் போட்டவர்கள். கல்லை அறுத்தவர்கள் எதில் தோற்றார்கள்? இதைத்தான் பின்னூட்டத்திலும் கேட்டிருந்தேன்.

"வெற்றி பெற்ற குவாரிகளைக் காட்டினால் போதாதா?" என்பீர்கள். தாராளமாகக் காட்டுகிறார்களே! டினோர்விக் குவாரியின் பட்டறை 1972 முதல் அருங்காட்சியகம். பென்ரின் குவாரியின் உரிமையாளர்களான பென்ரின் பிரபுக்களின் கோட்டைக்குள் மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்தக் குடும்பத்தின் செல்வம் ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டங்களிலிருந்தும் வந்தது என்பதற்காக யாரும் வாயிலில் நின்று சிரிப்பதில்லை. ஏழை உழைத்த இடத்தில் மட்டும் இலாப நட்டக் கணக்கு கேட்கத் தோன்றுகிறது.

இந்தப் பகுதி மருத்துவமனையில் நெஞ்சுநோய்ப் பிரிவில் செவிலியாக இருந்திருக்கிறேன். சிலேட்டுத் தூள் நுரையீரலில் படிந்த முதியவர்கள், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குவார்கள். அவர்களில் ஒருவர், தம் தந்தையும் இதே இருமலில்தான் போனார் என்று, வானிலையைச் சொல்வதைப் போலச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இந்தத் தொழிலாளர்கள் நலிவதற்குக் காரணம் அவர்கள் கொதிக்கவைத்துக் குடிக்கும் தேநீர்தான் என்று மருத்துவர்கள் சாட்சியம் அளித்திருக்கிறார்கள். இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1979இல். அதற்குள் பெரும்பாலான குவாரிகளும் மூடிக்கிடந்தன. வாங்க வேண்டியவர்களில் எத்தனையோ பேர் மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

"காணொளி வெறும் நகைச்சுவை, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டார். கோபம் இல்லை ஐயா, வருத்தம். "இங்கே வந்து பிழைப்பவர்களுக்கு இதில் என்ன அக்கறை?" என்று இன்னொருவர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

1906 வாக்கில் கூரையைக் கழற்றி எடுத்த பிறகும் அந்தச் சுவர்கள் நிற்கின்றன. உச்சியில் ஏறி நின்று கையசைத்த அந்தத் தம்பியைத் தாங்கியதும் அந்தத் தொழிலாளர்கள் அடுக்கிய கல்தான். பின்னூட்டத்தை நீக்கியதைப் போல, அந்தக் காட்சியையாவது நீக்கட்டும். பார்க்கும் பிள்ளைகளும் ஏறத் தொடங்கிவிடுவார்கள்.